பேட்டை போன கோட்டை

திண்டிவனத்தில் ஏறித் திருவண்ணாமலைக்கு டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் ஒரு கோட்டைக்குள் புகுந்து வெளியே வந்ததே தெரியாது. செஞ்சி பேருந்து நிலையத்தை விட்டுக் கிளம்பிய சில நிமிடங்களில் சாலை கோட்டையின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. வலக்கைப் பக்கம் கிருஷ்ணகிரி, இடக்கைப் பக்கம் ராஜகிரி, தெற்கே தள்ளிச் சந்திராயன் துர்க்கம். மூன்று மலைகளையும் முக்கோணமாக வளைத்துப் பிடித்திருக்கும் மதிலின் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுவது குரங்கு, உருட்டிவிட்ட மாதிரி அடுக்கடுக்காய்ப் பாறை, புளியமரம், இடையில் கொஞ்சம் பயிர்ப்பச்சை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்.

ஒரு காலத்தில் இங்கே கோட்டையை நடுவில் வைத்து ஒரு பெருநகரம் இருந்தது. மலைமேல் கட்டியதெல்லாம் இன்னும் இருக்கிறது. மலைக்குக் கீழே மனிதர்கள் குடியிருந்த பேட்டையைத்தான் காணோம்.

பதினாறாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில் பிமெந்தா என்ற ஏசுசபைப் பாதிரியார் இங்கே வந்தார். அப்போது செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். ஊரைப் பார்த்துவிட்டு பிமெந்தா எழுதிய கடிதத்தில், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலேயே பெரியது இது, போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இதைவிடப் பெரிய ஊர் கிடையாது என்று வியந்திருக்கிறார். பாதிரியார்கள் ஊருக்கு எழுதும் கடிதத்தில் கொஞ்சம் மிகை இருக்கும்தான். பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டாலும், இன்று பேரூராட்சியாக இருக்கிற ஒரு ஊரைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறார் என்பது கொஞ்சம் தலைசுற்றுகிற விஷயம்.

அந்தச் செழிப்புக்கு மலை காரணமில்லை. நெல்லும் துணியும்தான் காரணம். செஞ்சி நாயக்கர்களின் சீமை கடற்கரை வரை நீண்டது. தேவனாம்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் அவர்கள் கையில் இருந்தன. 1608இல் டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் கடை விரிக்க இடம் கேட்டு வந்தது கிருஷ்ணப்ப நாயக்கரிடம்தான். உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி மூட்டை மூட்டையாகக் கரைக்குப் போய், கப்பலேறித் தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மிளகுக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றாக விலைபோனது. ஆலைப் புகை கிடையாதே தவிர, அன்றைய கணக்கில் தொண்டை மண்டலத்தின் தென்பாதி ஒரு தொழிற்பேட்டை. அதன் கல்லாப்பெட்டி செஞ்சி. போர் என்று வந்தால் எல்லாரும் இங்கே வந்து விழுந்ததற்கு மலையின் உயரம் பாதிக் காரணம், கல்லாப்பெட்டி மீதிக் காரணம்.

வந்து விழுந்தவர்களின் பட்டியல் நீளமானது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். உண்மையான வதை அதற்குப் பிறகு வந்தது. 1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட, சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடம் போட்டுக்கொண்டு மராட்டியச் சீமையிலிருந்து தப்பித் தெற்கே ஓடிவந்து, அந்த ஆண்டு நவம்பரில் செஞ்சிக்குள் புகுந்துகொண்டார். மராட்டிய அரசின் தலைநகரே இடம்பெயர்ந்து நம் விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். விடுவாரா ஔரங்கசீப்? 1690 செப்டம்பரில் சுல்பிகர் கான் தலைமையில் மொகலாயப் படை வந்து கீழே கூடாரம் அடித்தது. கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். ஏழு ஆண்டுக்கும் மேலே.

இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராட் முற்றுகை 872 நாள் நீடித்தது. அதைப் பற்றி நூலகம் நூலகமாகப் புத்தகம் இருக்கிறது. செஞ்சி முற்றுகையை ஒரே மூச்சாக நடந்ததாக எண்ணிவிடக் கூடாது, இடையில் படை பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஆனாலும் ஒரு வட்டாரத்து மக்கள் ஏழெட்டு வருஷம் இரண்டு படைகளுக்கு நடுவே குடித்தனம் நடத்தினார்கள் என்பது மாறாது. முற்றுகை தொடங்கியபோது பிறந்த பிள்ளைக்கு அது முடியும்போது பால்பல் விழுந்து முளைத்திருக்கும்.

பீரங்கியால் செஞ்சியை என்ன செய்ய முடிந்தது? மலையை ஒன்றும் செய்ய முடியவில்லை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம், முழுக்கக் கருங்கல். அந்தக் காலத்து பீரங்கியின் வாயை அந்த உயரத்துக்குத் தூக்குவதே பெரும்பாடு. தூக்கிச் சுட்டாலும் குண்டு பாறையில் பட்டு உருளும். உச்சியை நெருங்குகிற இடத்தில் மலையே பிளந்து ஒரு கிடுகிடு பள்ளம் இருக்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்று பழைய கெஜட்டியர்கள் கணக்குச் சொல்கின்றன. இன்றைக்கும் அதைப் பாலத்தின் மேலேதான் கடக்க வேண்டும். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், படைநூல் எதுவும் படிக்காமலே விஷயம் விளங்கிவிடும். பாலத்துப் பலகையை எடுத்துவிட்டால் பத்துப் பேர் ஒரு படையை நிறுத்தலாம். மேலே போனால் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், எவனோ இழுத்துக் கொண்டுவந்து போட்ட ஒரு பீரங்கி. அந்தப் பீரங்கியை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியவர்களின் தோளை நினைத்துப் பார்க்காமல் யாரும் அதைக் கடக்க முடியாது.

கீழே இருந்த பேட்டைக்குப் பாறையும் இல்லை, பள்ளமும் இல்லை. சுற்றுமதில் ஒன்றுதான் காப்பு. குண்டைவிட அதிகமாக அதைக் கொன்றது அரிசி விலை. கோட்டைக்குள் அடிவாரத்தில் ஒரு நெற்களஞ்சியம் இருக்கிறது. தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே போனால் குகைக்குள் புகுந்தாற்போல இருட்டும் வௌவால் நாற்றமும். மேலே ராஜகிரி உச்சியிலும் ஒன்று உண்டு. உள்ளே இருந்த படை அதைத் தின்றது. வெளியே இருந்த படை எதைத் தின்றது? சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான கிராமங்களின் விளைச்சலைத்தான். மொகலாயப் பாளையத்திலேயே பஞ்சம் வந்தது. முற்றுகையில் உடனிருந்த தளபதி தல்பத் ராவ் புந்தேலாவிடம் கணக்கராக வேலை பார்த்த பீம்சேன் பாரசீகத்தில் ஒரு நினைவுக்குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். பாளையத்துச் சிப்பாய் பட்ட பசி அவர் வழியாக நமக்குத் தெரியவருகிறது. பக்கத்துக் கிராமத்துக் குடியானவன் பட்ட பசியை எழுதக் கணக்கர் யாரும் இல்லை.

1692 டிசம்பரில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பெரும் படையோடு வடக்கேயிருந்து இறங்கினார்கள். காஞ்சிபுரத்து மொகலாயப் படை அதிகாரி அலி மர்தான் கானை சந்தாஜி சிறைபிடித்தார். முற்றுகையிட்டவர்களையே இவர்கள் முற்றுகையிட்டார்கள். இதற்கு நடுவில் ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ், எதிரியோடு ரகசியமாகப் பேச்சு நடத்துகிறார் என்று சொல்லி அவரையே சுல்பிகர் கான் கைதுசெய்தார். கடைசியில் 1693 ஜனவரியில் மொகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. மறு ஆண்டு சம்பளத்துக்குக் காசு இல்லாமல் சுல்பிகர் கான் தஞ்சாவூர் வரை போய்க் கப்பம் வாங்கிவந்தார். பிறகு மறுபடியும் செஞ்சி. இந்தப் போக்குவரத்தில் எத்தனை ஊர்க் களத்துமேடு காலியாகியிருக்கும் என்று கணக்குப் போட நாயக்கர் காலத்து மணியக்காரர் ஒருவர் வேண்டும்.

கையில் நாலு காசு இருந்தவர்கள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். புதுச்சேரி, சென்னைப்பட்டணம், கடலூர் என்று வெள்ளைக்காரன் கோட்டை இருந்த இடமெல்லாம் புகலிடமானது. நெசவாளியும் வியாபாரியும் உள்நாட்டை விட்டுக் கரையோரம் ஒதுங்கியது ஐரோப்பியக் கம்பெனிகளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. துப்பாக்கி மருந்தும் அவர்களிடம் கிடைத்தது, துணியை வாங்கவும் அவர்கள் இருந்தார்கள்.

இந்தக் கலவரத்தில் நடந்த ஒரு வியாபாரத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த மராட்டியர்களிடமிருந்து 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது இவர் பேரைத்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியிலிருந்து சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா, இருக்கிற பீரங்கியில் நல்லதாகப் பார்த்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பேர் நின்றுவிட்டது. கடலூரில் குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது, குண்டு சாலை இருக்கிறது. செஞ்சியில் சுட்ட குண்டுகளுக்கு நினைவுப்பெயர் எதுவும் இல்லை. செஞ்சி மன்னரிடம் வாங்கிய நிலத்தில் சுட்ட குண்டுக்குப் பட்டா முதல் பஸ் போர்டு வரை பேர் இருக்கிறது.

1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் ஏற்கெனவே வேலூர் வழியாகத் தப்பிவிட்டிருந்தார். குடும்பம் சிக்கியது. வென்ற தளபதிக்கு நுஸ்ரத் ஜங் என்று பட்டம், கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று புதுப்பேர். பீஜப்பூர்க்காரர்கள் வைத்திருந்த பேர் பாத்ஷாபாத். வந்தவன் எல்லாம் பேர் மாற்றினான். ஊர்க்காரர்கள் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டு இருந்தார்கள்.

எனக்கு ஆச்சரியம் தரும் விஷயம் வேறொன்று. ஏழெட்டு வருஷ முற்றுகையை ஊர் மறந்துவிட்டது. 1714 அக்டோபரில் ஒரே பகலில் முடிந்த சண்டையை மறக்கவே இல்லை. செஞ்சிக் கோட்டையைக் கவனிக்க ஔரங்கசீப் வைத்த ராஜபுத்திரர் சொரூப் சிங். அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்ப பாக்கி கேட்க, தர மறுத்த இளைஞர், கடலி கிராமத்துக்கு அருகே நவாபின் படையை எதிர்த்து மாண்டார். வயது 22. ஆண்டது ஓர் ஆண்டுகூட இல்லை. நம் வாயில் அவர் தேசிங்கு ராஜன் ஆனார். கூடவே உயிர்விட்ட முஸ்லிம் நண்பன் மகமத்கான், உடன்கட்டை ஏறிய இளம் மனைவி, குதிரை என்று கதைப்பாட்டுக்கு வேண்டியதெல்லாம் அமைந்துவிட்டது. தெருக்கூத்தில் வந்தார், பெரிய எழுத்துப் புத்தகத்தில் வந்தார், 1960இல் எம்.ஜி.ஆர். உருவத்தில் சினிமாவிலும் வந்தார். கோட்டைக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இது யார் கோட்டை என்று கேளுங்கள், தேசிங்கு ராஜா கோட்டை என்பார்கள். செட்டிக்குளத்துக் கரையில் அவரை எரித்த இடத்தைக் காட்டுவார்கள். அவரை வென்ற நவாப் கட்டிய மசூதியும் கோட்டைக்குள்ளேயே நிற்கிறது, அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

பசியைப் பற்றிப் பாட்டுக் கட்டுவது கஷ்டம் போலிருக்கிறது. குதிரைமேல் வந்து விழுந்தவனைப் பாடலாம். மூன்றாம் வருஷமும் விதைநெல்லைப் பறிகொடுத்தவனை எந்த மெட்டில் பாடுவது?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1750 செப்டம்பரில் ஒரு ராத்திரி, புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி சில நூறு ஐரோப்பியரோடும் ஆயிரத்துச் சொச்சம் சிப்பாய்களோடும் வந்து, வாசல் கதவை வெடி வைத்துத் தகர்த்து, விடிவதற்குள் மூன்று மலைகளையும் பிடித்துவிட்டார். ஔரங்கசீப்பின் படைக்கு ஏழு ஆண்டு பிடித்த வேலை. உள்ளே இருந்தவர்களுக்குப் போராடும் எண்ணமில்லாமல் போனதுதான் வித்தியாசம்; மலை அதே மலை. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. புதுச்சேரியை அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். ஏப்ரலில் செஞ்சியும் சரணடைந்தது. 1780இல் ஹைதர் அலி ஒரு தடவை பிடித்தார். அதற்கப்புறம் இதைப் பிடிக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. செஞ்சிக்குப் போர்களால் வந்த கேட்டைவிட, போர்கள் விட்டுப்போனதால் வந்த கேடு பெரிது என்றுகூடச் சொல்லலாம். வணிகம் ஏற்கெனவே கடற்கரைக்குப் போயிருந்தது. படையும் போனபிறகு, படைக்கு விற்றுப் பிழைத்தவர்களும் போனார்கள். ஆளில்லாத வீட்டின் மண்சுவரும் ஓலைக்கூரையும் எத்தனை மழைக்குத் தாங்கும்?

கல்லும் கொஞ்சம் போனது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் எட்டும் பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். செஞ்சி வெங்கட்ரமணர் கோயிலுக்குள் போய்ப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். நாயக்கர் காலத்துப் பெரிய கோயில், கோபுரம் நிற்கிறது, தூண்களில் பலவற்றைத்தான் காணோம். சாயங்காலம் புதுச்சேரிக் கரையில் அந்தத் தூணில் சாய்ந்து சுண்டல் தின்பவர்கள் செஞ்சியில்தான் சாய்ந்திருக்கிறார்கள்.

மறந்துபோன ஊரை ஏட்டில் சேர்த்தவர்கள் இரண்டு பேர். 1803 வாக்கில் நாராயணப் பிள்ளை கர்நாடக ராஜாக்களின் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். இன்னொருவர் சி.எஸ்.சீனிவாசாச்சாரி. செஞ்சியின் வரலாற்றை விரிவாக எழுதிய அவருடைய ஆங்கில நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. அந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானம் கொழும்பிலும் திரிகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டது. மெட்ராஸே காலியானது, விலங்குக் காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக் கிராமங்களுக்கு ரயிலேறினார்கள். 1690களில் உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு ஓட்டம். 250 வருஷம் கழித்துக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு ஓட்டம். முற்றுகையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பேராசிரியருக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே போதும், அடிக்குறிப்பு கிடைத்திருக்கும்.

இன்றைய செஞ்சி கோட்டைக்குக் கிழக்கே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பழைய பெருநகரத்தின் வாரிசு என்ற பாவனையெல்லாம் அதற்கு இல்லை. இதன் உயிர் சந்தையில் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை வந்து குவியும், இடம் போதாமல் ரோட்டோரம் வரை அடுக்கிவிடுவார்கள், திடீர் மழை வந்தால் தார்ப்பாய்க்கு ஓடுவார்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே ஆட்டுச்சந்தை கூடிவிடும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் முந்தைய வாரமென்றால் கால் வைக்க இடமிருக்காது. வியாபாரிகள் இரண்டு பேர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை அங்கே பார்க்கலாம். அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் பேருந்து நிலையத்தை அடைத்துக்கொள்ளும். சிவாஜிக்கும் சுல்பிகர் கானுக்கும் சோறு போட்ட அதே வயல்களின் நெல்தான் இங்கே எடைபோடப்படுகிறது. பிடுங்கிக்கொண்டு போக இப்போது யாரும் வருவதில்லை, விலைதான் கட்டுப்படியாகவில்லை என்பார்கள் கொண்டுவந்தவர்கள்.

கோட்டை ஊர்க்காரர்களுடையதாக ஆகும் நாள் ஒன்று உண்டு. ராஜகிரிப் படிக்கட்டில் பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். அரசர்கள் வருவதற்கு முன்பிருந்தே இருந்தவள் என்று நம்பப்படுகிற தெய்வம். சித்திரைத் திருவிழாவின்போது மேலே ஏறுகிற பெண்களுக்கு இது தொல்லியல் துறையின் நினைவுச்சின்னம் என்ற நினைப்பே இருக்காது. அம்மன் வீடு, அவ்வளவுதான். மொகலாயன் ஏற முடியாமல் திணறிய படிகளில் பொங்கல் பானையோடு விறுவிறுவென்று ஏறிவிடுவார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. சந்தோஷமான செய்திதான். சிவாஜியின் கோட்டை என்று மகாராஷ்டிரத்திலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். கோனார் கட்டியது, நாயக்கர் வளர்த்தது, எப்படி மராட்டியக் கோட்டை ஆகும் என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். ஆனந்தக் கோன் தொடங்கிவைத்ததாக மரபு சொல்வதால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது ராணுவம் என்ற பாதி. ஊரார் நெல்லைத் தின்ற ராணுவத்துக்குப் பட்டியலில் பேர் இருக்கிறது. நெல்லை விளைவித்த, துணியை நெய்த, கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு போன பேட்டைக்கு ஒரு தகவல் பலகைகூட இல்லை. அடிவாரத்தில் எங்கே கடைத்தெரு இருந்திருக்கலாம், எங்கே தறி ஓடியிருக்கலாம் என்று தோண்டிப் பார்த்துச் சொல்லும் வேலை, உச்சியில் காரை பூசும் வேலையைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் மதிலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு வேறு முற்றுகை. தேசிய நினைவுச்சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது, அதைத் தாண்டி மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும் என்பது 2010இல் திருத்திய மத்தியச் சட்டம். இங்கே மலை மூன்று, மதில் 13 கிலோமீட்டர். மகனுக்குக் கல்யாணம் ஆகிறது, மாடியில் ஒரு அறை எடுக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பம் விண்ணப்பத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது இல்லாவிட்டால் மதிலின் கல்லெல்லாம் எப்போதோ ஜல்லியாகியிருக்கும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்கு எவ்வளவு கட்டுப்பாடு என்று தமிழில் எழுதி, பேரூராட்சி அலுவலகத்து வாசலில் ஒட்டிவைத்தால் பாதி அலைச்சல் குறையும்.